கணக்குப் பிரிவிலிருந்து முன்பதிவுச் சாளரத்துக்கு
ரயில்வேயில் கணிப்பொறித் துறை உருமாறிய விதம்

ஒரு நிறுவனம் கணிப்பொறி வாங்குவது எளிது. வாங்கிய கணிப்பொறியை எந்தப் பிரிவின் கீழ் வைப்பது, அதை இயக்குவோர் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்கள் செய்யும் வேலையின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்பவையே கடினமான கேள்விகள். இயந்திரத்தின் விலையைப் பற்றி மாதக்கணக்கில் ஆராயும் நிர்வாகங்கள் இக்கேள்விகளை ஒரே நாளில் முடித்துவிடுவதுண்டு. பெரும்பாலும், காலியாக இருக்கும் அறை எந்தப் பிரிவினுடையதோ அந்தப் பிரிவுக்கே கணிப்பொறியும் போய்ச் சேருகிறது. அதன் விளைவுகள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிய வரும்.

நம் நாட்டில் இக்கேள்விகளை முழு அளவில் சந்தித்து, விடைகாணத் தன் அமைப்பையே மாற்றிக்கொண்ட நிறுவனம் இந்திய ரயில்வே ஆகும். இந்த மாற்றத்தின் முக்கியக் கட்டங்கள் தலைநகர் தில்லியிலேயே நிகழ்ந்தன. ரயில் பவனில் கொள்கை உருவாயிற்று. புது தில்லி ரயில் நிலையத்தை அடுத்த முன்பதிவு அலுவலகத்தில் அது சோதிக்கப்பட்டது. சாணக்கியபுரியில், தேசிய ரயில் அருங்காட்சியகத்தை ஒட்டி, அதற்கென ஒரு தனி அமைப்பு எழுந்தது. நிர்வாகவியல் பயிலும் மாணவர்களுக்கும், அலுவலகங்களில் கணிப்பொறிப் பிரிவை நடத்தும் அதிகாரிகளுக்கும் இவ்வரலாறு பயன்படக் கூடியது.

துளையட்டைக் காலம்

ரயில்வேயில் கணிப்பொறி நுழைந்தது 1960-ஆம் ஆண்டுகளில். ஐ.பி.எம். 1401 என்னும் இயந்திரம் அன்றைய 9 மண்டல ரயில்வேக்களிலும், சித்தரஞ்சன், வாராணசி, பெரம்பூர் ஆகிய 3 உற்பத்தி நிலையங்களிலும், ரயில்வே வாரியத்திலும் நிறுவப்பட்டது. இன்றைய அளவுகோலில் அதன் திறன் மிகச் சிறியது. அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகளையே கொள்ளும். 80 பத்திகள் கொண்ட துளையட்டைகளே அதற்கு உணவு. ஆயினும், லட்சக்கணக்கான ஊழியர்களின் சம்பளப் பட்டியலையும், பண்டகசாலை இருப்பையும், பயணிகள் கட்டணம், சரக்குக் கட்டணம் ஆகியவற்றின் வரவையும், போக்குவரத்துப் புள்ளிவிவரங்களையும் அது தொகுத்துத் தந்தது. கையால் செய்தால் பெரும் கூட்டம் தேவைப்படும் வேலை அது.

இந்த மின்னணுத் தகவல் தொகுப்பு மையங்கள் மண்டல ரயில்வேக்களில் கணக்குப் பிரிவின் ஆளுகையில் இருந்தன. அந்நாளில் அது இயல்பான ஏற்பாடே. சம்பளமும் வரவும் கணக்குப் பிரிவின் பொறுப்பு; இயந்திரம் செய்ததோ பெரும்பாலும் அந்த வேலைகளை. ஆனால் இந்த ஏற்பாட்டினுள் ஒரு குறை ஒளிந்திருந்தது. ரயில் நிலையத்தில் ஒரு சரக்குப் பெட்டி ஏற்றப்பட்டால் அதற்கான ஆவணம் எழுதப்படும். அதன் படி மண்டலத் தலைமையகத்துக்குப் போகும். அங்கு அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவர். மற்றொருவர் அதைச் சரிபார்ப்பார். பின்னரே இயந்திரம் அதைப் படிக்கும். அச்சடித்த தாள்கள் அதிகாரியின் மேசைக்கு வரும்போது அந்தச் சரக்குப் பெட்டி வேறொரு மாநிலத்தில் வேறொரு சரக்கைச் சுமந்துகொண்டிருக்கும். நடந்து முடிந்ததைச் சொல்வதில் அந்த அமைப்பு சிறந்து விளங்கியது. நடந்துகொண்டிருப்பதை மாற்ற அதனால் இயலவில்லை.

எனவே வண்டிகளை இயக்கும் அதிகாரிகள் கணிப்பொறியை நம்பியிருக்கவில்லை. கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, நீண்ட தாளில் பென்சிலால் வண்டிகளின் கோட்டை வரைந்தவாறு அவர்கள் தம் வேலையைச் செய்தனர். முன்பதிவு எழுத்தரும் அப்படியே. கணிப்பொறி இருந்த கட்டடத்துக்கும் ரயில்வே தன் வருவாயை ஈட்டிய இடங்களுக்கும் இடையே சில மைல் தொலைவும், பல வாரக் கால இடைவெளியும் இருந்தன. இதைக் கணிப்பொறி ஊழியரின் குறையெனக் கூறுவதற்கில்லை. கேட்டதை அவர்கள் செய்து தந்தார்கள், கேட்டவர்தாம் கணக்கர்.

பேரேடும் அட்டைச் சீட்டும்

1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தில்லியிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்ய விரும்பிய ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு ஒரு சாளரம், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வண்டிக்கு மற்றொரு சாளரம் என்னும் முறையில் வரிசைகள் பிரிக்கப்பட்டிருந்தன. ஏனெனில், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உரிய இருக்கைகள் ஒரு பேரேட்டில் எழுதப்பட்டன. அந்தப் பேரேடு ஒரே சமயத்தில் ஒரே மேசையில்தான் இருக்க முடியும். முதல் சாளரத்தில் இடமில்லையென்று தெரிந்ததும் பயணி அடுத்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். கெட்டி அட்டையில் அச்சிட்ட சிறிய பயணச்சீட்டின் பின்புறத்தில் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் கையால் எழுதப்படும்.

திரும்பி வருவதற்கான முன்பதிவு இன்னும் கடினம். சென்னையிலிருந்து புறப்படும் வண்டியின் பேரேடு சென்னையில் இருந்தது. தில்லியில் கொடுத்த விண்ணப்பம் தந்தி வழியே அங்கு செல்லும். பதில் வந்தால் உண்டு. ரத்தான இடங்கள் பேரேட்டில் உரிய நேரத்தில் ஏறாமல் போவதும், ஒரே படுக்கை இருவருக்கு எழுதப்படுவதும், காலியான இடம் யாருக்கு என்பது எழுத்தரின் கையில் இருப்பதும் இம்முறையுடன் பிறந்த நோய்கள். இடைத்தரகர் வாழ்ந்தது இந்த மறைவில்தான்.

நூல்களில் காணும் விமான முன்பதிவு முறைகளை அப்படியே கொண்டுவந்து பொருத்தவும் வழியில்லை. விமானத்தில் ஓர் இருக்கை பெரும்பாலும் ஒருவருக்கே விற்கப்படுகிறது. ரயிலில் ஒரு படுக்கையில் தில்லியில் ஏறியவர் நாகபுரியில் இறங்கலாம். அங்கு ஏறும் வேறொருவர் விஜயவாடா வரை செல்லலாம். அதன்பின் மூன்றாமவர் சென்னை வரை போகலாம். இவற்றுக்கு மேல் பல வகுப்புகள், இடைநிலையங்களுக்கான ஒதுக்கீடுகள், பெண்கள், படையினர், வெளிநாட்டுப் பயணிகள் ஆகியோருக்கான ஒதுக்கீடுகள், கட்டணச் சலுகைகள், காத்திருப்போர் பட்டியல், பிறர் ரத்து செய்தால் படுக்கை தருவதாக உறுதி கூறி இருக்கை மட்டும் அளிக்கும் ஏற்பாடு என விதிகள் அடுக்கடுக்காக இருந்தன. இவ்விதிகளின் முழு விவரம் எந்த ஒரு கையேட்டிலும் முழுமையாக இல்லை; அனுபவமுள்ள முன்பதிவு ஊழியரின் நினைவில் இருந்தது. கணிப்பொறி வல்லுநர் மட்டும் அமர்ந்து இதை வடிவமைத்திருக்க முடியாது.

தில்லியில் நடந்த சோதனை

ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியபின், அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது அரசுத் துறை நிறுவனமான சி.எம்.சி. பராமரிப்புக்காகப் பிறந்த அந்நிறுவனம் விரைவிலேயே பெரிய மென்பொருள் திட்டங்களை மேற்கொள்ளத் தொடங்கிற்று. ரயில்வேயின் முன்பதிவுத் திட்டம் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 'இம்ப்ரெஸ்' என்று பெயரிடப்பட்ட அந்த முறை, வாக்ஸ் 750 வகைக் கணிப்பொறிகளில், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. 1985 நவம்பரில் தில்லியில் சோதனையாகத் தொடங்கி 1986-இல் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. 1987-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களுக்கும், பின்னர் செகந்தராபாத்துக்கும் பரவியது.

பயணி கண்ட மாற்றம் வெளிப்படையானது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் கேட்கலாம். ஒரு வண்டியில் இடமில்லையெனில் அடுத்த வண்டியை அந்த ஊழியரே பார்த்துச் சொல்வார். வரிசைகள் ஒரே சீராகக் குறைந்தன. ரத்தான படுக்கை அந்த நொடியிலேயே காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவரைச் சேர்ந்தது.

வெளியே தெரியாத மாற்றம் அதனினும் ஆழமானது. துளையட்டைக் காலத்தில் கணிப்பொறிக்குச் செய்தி தருவது ஒரு கூடுதல் வேலை. வேலை முடிந்தபின் அதைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். புதிய முறையிலோ, சீட்டு வழங்குவதே செய்தியைப் பதிவு செய்வதாகும். இரண்டும் ஒரே செயல். ஊழியர் தவறாகப் பதிந்தால் தவறான சீட்டு அச்சாகும். எதிரே நிற்கும் பயணி உடனே சுட்டிக்காட்டுவார். பல மாதம் கழித்துத் தணிக்கையில் தெரியவேண்டிய பிழை அரை நிமிடத்தில் திருந்தியது. பணி நேரம் முடிந்ததும் ஒவ்வொரு ஊழியரும் விற்ற சீட்டுகளையும் பெற்ற தொகையையும் கணிப்பொறியே கூட்டித் தந்தது. கணக்குப் பிரிவின் பிடியிலிருந்து கணிப்பொறி விலகி வந்த பிறகே கணக்குகள் உடனுக்குடன் கிடைக்கத் தொடங்கின என்பதைச் சற்றே புன்னகையுடன் குறிப்பிடலாம்.

அன்றைய சூழலில் கணிப்பொறி என்றாலே வேலையிழப்பு என்னும் அச்சம் இருந்தது. 1960-ஆம் ஆண்டுகளில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் எழுந்த எதிர்ப்பும், தானியங்கிமயம் குறித்துப் பேராசிரியர் தண்டேகர் தலைமையில் அமைந்த குழு 1972-இல் அளித்த அறிக்கையும் தொழிற்சங்கங்களின் நினைவில் இருந்தன. தில்லியில் பேரேடு எழுதிவந்த ஊழியர்களே பயிற்சி பெற்று முனையத்தின் முன் அமர்ந்தனர். விதிகளை அறிந்தவர் அவர்களே என்பதால் இது கருணையால் செய்த ஏற்பாடு மட்டுமன்று. வேறு வழியும் இல்லை.

தனி அமைப்பு ஏன்?

முன்பதிவுச் சோதனை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், சரக்குப் போக்குவரத்துக்கான கணிப்பொறி முறை ஒன்றை உருவாக்க 1982-இல் ரயில்வே அமைச்சகம் ஒரு மைய அமைப்பை ஏற்படுத்தியிருந்தது. 1986-இல் அது விரிவாக்கப்பட்டு, ரயில்வே தகவல் முறைகள் மையம் என்னும் தன்னாட்சிச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. 'கிரிஸ்' என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் கணிப்பொறித் துறையை அந்நிறுவனத்தின் படிநிலையிலிருந்து சற்று வெளியே எடுத்து, ஆனால் அதன் கைக்கெட்டிய தூரத்திலேயே நிறுத்துவது இதன் கருத்து.

இந்த ஏற்பாட்டுக்குக் கூறப்பட்ட காரணங்கள் கவனிக்கத் தக்கவை. ஒவ்வொரு மண்டலமும் தன் போக்கில் ஒரே வேலைக்கு வெவ்வேறு மென்பொருள் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். இயந்திரங்களும் முறைகளும் ஒரே தரத்தில் அமைய வேண்டும். ரயில்வேயின் அன்றாட நெருக்கடிகளிலிருந்து இவ்வமைப்பைக் காக்க வேண்டும்; இல்லையேல் இன்று தாமதமான வண்டிக்காக நாளைய திட்டம் தள்ளிப் போடப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில்வே அறிந்தவரும் கணிப்பொறி அறிந்தவரும் ஒரே குழுவில் இருக்க வேண்டும்.

கடைசிக் காரணமே இதன் உயிர்நாடி. மண்டலங்களிலிருந்து போக்குவரத்து, வணிகம், இயந்திரவியல், சைகைத் தொடர்பு, கணக்கு முதலிய பணிகளைச் சேர்ந்த அதிகாரிகள் அயற்பணியில் சில ஆண்டுகள் கிரிஸில் பணியாற்றித் திரும்புகின்றனர். கணிப்பொறி வல்லுநர்கள் நேரடியாக நியமிக்கப்பட்டு நிலையாக இருக்கின்றனர். முன்னவர் எது தேவை என்பதை அறிவர். பின்னவர் எது இயலும் என்பதை அறிவர். பணிகளும் பயன்பாட்டை ஒட்டியே பிரிக்கப்பட்டன: பயணிகள் முன்பதிவுக்கு ஒரு குழு, சரக்குக்கு ஒரு குழு, கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு குழு. நிரல் எழுதுவோர் ஒரு தளத்தில், இயந்திரம் காப்போர் மற்றொரு தளத்தில் என்று திறன் வாரியாகப் பிரித்திருந்தால், ஒரு சாளரம் செயலிழந்தால் யாரைக் கேட்பது என்பது எவருக்கும் தெரிந்திராது.

இதே தில்லியில் 1976-இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் வேறு வழியைத் தேர்ந்தது. எல்லா அமைச்சகங்களுக்கும் ஒரே மையம் பணியாற்றுவது அதன் முறை. சிறிய துறைகளுக்கு அது சிக்கனமானது. ஆனால் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் நில்லாமல் ஓடும் ரயில்வே போன்ற ஒரு தொழிலுக்குத் தன் தொழிலை மட்டுமே அறிந்த ஓர் அமைப்பு தேவைப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

சரக்கு வண்டி தந்த படிப்பினை

சரக்குத் திட்டம் முன்பதிவைப் போல் விரைந்து வெற்றி பெறவில்லை. அதன் வரலாறு சில வகையில் கூடுதலாகக் கற்பிக்கிறது.

1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை பெரும்பாலான சரக்கு தனித்தனிப் பெட்டிகளாக அனுப்பப்பட்டது. ஒவ்வொரு பெட்டியும் வழியில் பல பிரிப்பு யார்டுகளில் கழற்றப்பட்டு வேறு வண்டிகளில் கோக்கப்படும். பெட்டிகள் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே மிகுதி. பிறகு ரயில்வே நிர்வாகம், ஒரே சரக்கை ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்லும் முழு வண்டிகளை இடையில் பிரிக்காமல் ஓட்டத் தொடங்கியது. 1980-81-இல் சுமார் 196 மில்லியன் டன்னாக இருந்த வருவாய்ச் சரக்கு 1981-82-இல் சுமார் 221 மில்லியன் டன்னாக உயர்ந்தது. இந்த உயர்வில் கணிப்பொறிக்கு எந்தப் பங்கும் இல்லை. வேலையின் முறையை மாற்றியதே காரணம். பழைய முறையை அப்படியே வைத்துக்கொண்டு, யார்டுகளில் தேங்கிய ஒவ்வொரு பெட்டியையும் தேடிக் கண்டுபிடிக்கும் மென்பொருளை முதலில் எழுதியிருந்தால், தேக்கத்தை மிகத் துல்லியமாக அளந்துகொண்டே இருந்திருப்பார்கள்.

சரக்குத் தகவல் முறைக்குத் தடையாக நின்ற மற்றொன்று தொடர்பு வசதி. முன்பதிவுக்கு ஒரு நகரத்தின் ஒரு கட்டடத்தில் முனையங்களை வைத்துத் தொடங்கிவிடலாம். சரக்குக்கோ சுரங்கத்தின் வாயிலிலும், துறைமுகத்திலும், அனல் மின் நிலையத்தின் பக்கவழியிலும் ஒரே சமயத்தில் செய்தி பதிவாக வேண்டும். அத்தனை இடங்களுக்கும் நம்பத் தக்க தகவல் கம்பிகள் அன்று இல்லை. எனவே சரக்குத் தகவல் முறை 2000-ஆம் ஆண்டை ஒட்டியே பரவலாக நடைமுறைக்கு வந்தது. அதுவும் இரு படிகளில். முதலில் முழு வண்டிகளின் நடமாட்டம் மட்டும். பின்னர் சரக்கு ஏற்றி இறக்கும் நிலையங்களின் வேலைகள். இரண்டாம் படியில் ரயில்வே ரசீதே கணிப்பொறியில் அச்சாயிற்று. இங்கும் முன்பதிவில் கண்ட தத்துவமே வெற்றி தந்தது: ரசீது இல்லாமல் சரக்கை விடுவிக்க முடியாது, ஆகையால் செய்தி தப்பாமல் பதிவாகும்.

கட்டுப்பாட்டு அலுவலகங்களில் பென்சிலும் நீண்ட தாளும் பின்னர் திரைக்கு இடம் கொடுத்தன. வண்டி கடந்த நேரத்தைக் கட்டுப்பாட்டாளர் தம் வேலைக்காகப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவே 'வண்டி எங்கே வருகிறது?' என்று கேட்கும் பயணிக்கும் விடையாகிறது. இதற்கென எவரும் தனியாகப் படிவம் நிரப்புவதில்லை.

ஐந்து நகரங்கள், ஒரே வலை

1987-க்குப் பின் முன்பதிவு கணிப்பொறிமயமான நகரங்கள் பெருகின. எனினும், தில்லியின் கணிப்பொறிக்குத் தில்லியின் வண்டிகளே தெரியும். சென்னையின் கணிப்பொறிக்குச் சென்னையின் வண்டிகளே தெரியும். பேரேடு மின்னணுப் பேரேடாயிற்றே தவிர, திரும்பும் பயணத்துக்கான தொல்லை தீரவில்லை. பழைய மென்பொருளை நீட்டுவதற்குப் பதில் புதிதாக எழுதுவது என்று கிரிஸ் முடிவு செய்தது. 'கான்செர்ட்' எனப்படும் அம்முறை 1994-இல் செகந்தராபாத்தில் முதலில் நிறுவப்பட்டது. 1999 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய 5 மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. தில்லியிலிருந்து கொண்டே மதுரை புறப்படும் வண்டிக்கு முன்பதிவு செய்யலாம் என்பது அன்று உண்மையாயிற்று.

5 மையங்களையும் கலைத்து ஒரே பெரிய மையமாக்கவில்லை என்பது முக்கியம். ஒவ்வொரு மையமும் தன் வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தது; பிற மையங்களுக்கு அவற்றைத் திறந்துவிட்டது. பயணச்சீட்டில் காணும் 10 இலக்க எண்ணிலேயே இந்த அமைப்பின் தடம் உண்டு. முதல் இலக்கம் 2 அல்லது 3 எனில் தில்லி மையம். 4 அல்லது 5 எனில் சென்னை. 6 அல்லது 7 எனில் கொல்கத்தா. 8 அல்லது 9 எனில் மும்பை. 1 எனில் செகந்தராபாத். பயணியர் பலர் நாள்தோறும் பார்க்கும் எண்ணுக்குள் ஒரு நிர்வாக வரைபடமே அடங்கியுள்ளது.

இந்த அடித்தளம் இருந்ததனாலேயே அடுத்த படிகள் விரைவாக வந்தன. 2002-இல் தில்லி வட்டாரத்தில் முன்பதிவற்ற சீட்டுகளுக்கான கணிப்பொறி முறை தொடங்கியது. அதே ஆண்டு, 1999-இல் நிறுவப்பட்ட ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தின் வழியே முன்பதிவைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் சீட்டு அஞ்சல் தூதர் மூலம் வீட்டுக்கு வந்தது. 2005-இல் தாமே அச்சிட்டுக்கொள்ளும் சீட்டு வந்தது. 2014-இல் கிரிஸ் உருவாக்கிய புதிய இணைய முறை, நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த திறனை 7,200 ஆக உயர்த்தியது. விற்பனை ஒரு நிறுவனத்திடமும், இருக்கைகளின் பதிவேடு மற்றோர் அமைப்பிடமும் இருப்பது வெளியாருக்குக் குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் கடையை மாற்றும்போது களஞ்சியத்தைத் தொடத் தேவையில்லை என்பது இதன் நலம்.

பயனும் எல்லையும்

கணிப்பொறித் துறையின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்ற தொடக்கக் கேள்விக்கு ரயில்வேயின் அனுபவம் ஒரு விடை தருகிறது. 1970-ஆம் ஆண்டுகளில் அச்சடித்த அறிக்கைகளின் எண்ணிக்கையே அளவுகோல். அதற்குப் பின், காலியாக ஓடாத படுக்கை, விரைவில் திரும்பும் சரக்கு வண்டி, குறைந்த வரிசை, சரியான நேரத்தில் பணிக்கு வரும் ஓட்டுநர் குழு ஆகியவை அளவுகோலாயின. இவற்றில் எதையும் கணிப்பொறித் துறை தனியே சாதிக்க முடியாது. போக்குவரத்துப் பிரிவும் வணிகப் பிரிவும் பொறுப்பை ஏற்றால்தான் முடியும்.

தன்னாட்சிக்கு ஒரு விலையும் உண்டு. வெளியே ஓர் அமைப்பு இருப்பதால், 'அது கிரிஸின் வேலை' என்று கூறிப் பயன்பாட்டுப் பிரிவுகள் ஒதுங்கிவிட வாய்ப்புண்டு. விதியை வகுப்பவர் ரயில் பவனில்; நிரல் எழுதுபவர் சாணக்கியபுரியில்; ஏச்சு வாங்குபவர் சாளரத்தில். சலுகை விதி ஒன்று மாறும்போது மூவரும் ஒரே நாளில் அறிந்திருக்க வேண்டும். அயற்பணி அதிகாரிகள் திரும்பிச் செல்லும்போது அவர்களுடைய அறிவும் உடன் போய்விடுகிறது. அதை எழுதி வைக்கும் பழக்கம் எந்த அரசு அமைப்புக்கும் எளிதில் வருவதில்லை. பல்லாண்டுகள் இடையறாது ஓடும் முறையில் மற்றொரு சிக்கலும் எழும். அது நிற்காமல் ஓடுவதே அதை மாற்றுவதற்குத் தடையாகிறது. ஓடும் வண்டியின் சக்கரத்தை ஓடும்போதே மாற்ற வேண்டிய நிலை அது.

இவற்றைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. கணிப்பொறி படுக்கைகளைப் பங்கிடும். புதிய படுக்கையைப் படைக்காது. பண்டிகைக் காலத்தில் தில்லியிலிருந்து பீகாருக்கோ, சென்னையிலிருந்து நெல்லைக்கோ செல்லும் வண்டிகளில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. வேகம் கூடக் கூட, முதல் நிமிடத்தில் இயங்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே உள்ள வேறுபாடும் கூடுகிறது. பேரேட்டின் மறைவில் வாழ்ந்த தரகர் மென்பொருளின் துணையுடன் திரும்பி வந்தார். 2025 ஜூலை முதல் தட்கல் சீட்டை இணையத்தில் பெற ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதிக்கப்பட்டது இதன் விளைவே. யாருக்கு முதலில் இடம் என்பது ஒரு கொள்கைக் கேள்வி. அதைத் தொழில்நுட்பக் கேள்வியாக மாற்றிக் கணிப்பொறித் துறையின் மேசையில் வைப்பது எளிது. விடையின் பொறுப்பு அப்போதும் கொள்கை வகுப்பவருடையதே.

முன்பதிவுச் சீட்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இணையத்தில் விற்கப்படும் நிலை வந்தபின், சாளரத்தின் முன் நிற்போர் யாவர் என்பதும் ஆராயத் தக்கது. முதியோர், எழுத்தறியாத் தொழிலாளர், வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் இயக்கப் பழகாதோர் ஆகியோரே அங்கு மிகுதி. 1986-இல் தில்லியில் கணிப்பொறி முதலில் உதவியது இவர்களைப் போன்ற வரிசையில் நின்ற மக்களுக்கே. சாளரங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதைச் சேமிப்பாகக் கணக்கிடும் ஒவ்வொரு அறிக்கையிலும் இவர்களுக்கென ஒரு பத்தி இருத்தல் வேண்டும்.

2025 ஜூலை 1 அன்று, கிரிஸின் 40-ஆவது நிறுவன நாளில், முன்பதிவு, முன்பதிவற்ற சீட்டு, வண்டி நிலவரம், புகார் ஆகியவற்றை ஒன்றாகத் தரும் 'ரயில் ஒன்' செயலி வெளியிடப்பட்டது. அதையொட்டி, நிமிடத்துக்கு 32,000 சீட்டுகள் வழங்கும் முன்பதிவு முறையின் திறனை 1.5 லட்சமாக உயர்த்தும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. சாணக்கியபுரியில் இதற்கான நிரலை எழுதுவோருடன், மண்டலங்களிலிருந்து வந்த வணிக, போக்குவரத்து அதிகாரிகளும் அமர்ந்திருக்கின்றனர்.